பாலில் மெலமைன், 2008: சோதனைக்கூடம் எதை அளந்தது, எதை அளக்கவில்லை

2008 செப்டம்பர் 11 அன்று, சீனாவின் ஹெபெய் மாகாணத் தலைநகர் ஷிஜியாசுவாங்கில் இருந்த சான்லு நிறுவனம், ஆகஸ்ட் 6ஆம் தேதிக்கு முன்பு தயாரித்த குழந்தைப் பால் பவுடரைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுமார் 700 டன். அந்தப் பவுடரில் மெலமைன் கலந்திருந்தது. தட்டுகளும் மேசைப் பலகைகளும் செய்யப் பயன்படும் பிசினுக்கு மூலப்பொருள் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் சீன சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி, பாதிக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 2,94,000. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 50,000க்கும் மேல். இறந்தவர்கள் ஆறு பேர்.

இந்தச் சம்பவத்தைக் குற்றமாகவும், ஊழலாகவும், ஒலிம்பிக் போட்டி நடந்த நேரத்தில் மூடி மறைக்கப்பட்ட செய்தியாகவும் பலர் எழுதிவிட்டார்கள். நான் சோதனைக்கூட மேசையின் பக்கமிருந்து எழுதுகிறேன். அந்தப் பால் சோதிக்கப்படாமல் போன பால் அல்ல. சேகரிப்பு நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் வழியில் புரத அளவு பார்க்கப்பட்டது, தேறியது. பயன்பட்ட முறை நூற்றாண்டு கடந்தது, உலகம் முழுக்க ஏற்கப்பட்டது. கருவி கெட்டுப்போகவில்லை, கணக்கு தப்பவில்லை. சோதனை தான் சொல்ல வேண்டியதைச் சரியாகவே சொன்னது. உணவில் நச்சை அளக்கும் முறைகளை மதிப்பிடும் எவருக்கும் உறுத்த வேண்டிய இடம் இதுதான்.

குடுவைக்குள் நடப்பது

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேலை பார்த்த யோஹான் கெல்டால் 1883இல் வெளியிட்ட முறை இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. சில மில்லி பாலை டைஜஷன் குழாயில் (அமிலத்தில் கொதிக்கவைத்துச் சிதைக்கும் குழாய்) எடுத்துக்கொள்ள வேண்டும். பொட்டாசியம் சல்ஃபேட்டும் துளி காப்பர் சல்ஃபேட்டும் போட்டு, அடர் கந்தக அமிலம் ஊற்றி, சூடாக்கும் பிளாக்கில் ஏற்ற வேண்டும். முதலில் நுரைத்துக்கொண்டு கரியாகக் கறுக்கும். வெள்ளைப் புகை எழும்பும். வெப்பம் 400 டிகிரியைத் தாண்டி நிலைத்த பிறகு கறுப்பு கலைந்து பழுப்பாகி, கடைசியில் குழாயில் தெளிந்த இளம்பச்சை திரவம் மட்டும் மிஞ்சும். அந்த நேரத்தில் அதில் கொழுப்பு இல்லை, சர்க்கரை இல்லை, பால் புரதமான கேசின் இல்லை. பாலில் இருந்த நைட்ரஜன் எல்லாம் அம்மோனியம் சல்ஃபேட்டாக மாறிக் கிடக்கும்.

அப்புறம் காரம் சேர்த்தால் அம்மோனியா விடுபடும். நீராவியோடு அதை ஓட்டிப் போரிக் அமிலத்தில் பிடித்தால், இளஞ்சிவப்பாக இருந்த இண்டிகேட்டர் பச்சையாகிவிடும். மறுபடி இளஞ்சிவப்பு வரும்வரை பியூரெட்டிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எத்தனை மில்லி செலவானது என்பதிலிருந்து நைட்ரஜன் எவ்வளவு என்று கிடைக்கும். அதைப் பாலுக்கு 6.38ஆல் பெருக்கினால் புரதம்.

அந்தப் பெருக்கலில்தான் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: பாலில் உள்ள நைட்ரஜன் ஏறத்தாழ எல்லாமே புரதத்திலிருந்து வருகிறது என்ற நம்பிக்கை. மாடு கறந்த பாலுக்கு அது பெரும்பாலும் உண்மை. புரதமல்லாத நைட்ரஜன் யூரியா போன்றவற்றிலிருந்து வரும், மொத்தத்தில் 5, 6 சதவீதம்தான். ஆனால் குழாய் கறுத்து வெளுத்த பிறகு, அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்க எந்த வழியும் இல்லை. மூலத்தை அழிப்பதுதான் முறையின் முதல் படியே.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கெல்டால் பரிசோதனைக்கு என்னென்ன தரக்கட்டுப்பாடு வைக்கிறோம்? பால் இல்லாமல் ரசாயனங்களை மட்டும் வைத்துப் பிளாங்க் ஓட்டுகிறோம். அம்மோனியம் சல்ஃபேட்டை வைத்துக் காய்ச்சி வடிப்பதில் இழப்பு இருக்கிறதா என்று பார்க்கிறோம். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை வைத்து டைஜஷன் முழுமையா என்று பார்க்கிறோம். ஒரே மாதிரியை இரண்டு முறை ஓட்டி வித்தியாசம் பார்க்கிறோம். மெலமைன் கலந்த பாலை வைத்து இவை அத்தனையும் செய்தாலும் எல்லாம் தேறும். ரெகவரி, அதாவது சேர்த்ததில் திரும்பக் கிடைக்கும் பங்கு, 99 சதவீதம் வரும். தாளில் எல்லாக் கட்டங்களிலும் டிக் விழும். ஏனென்றால் இந்தச் சோதனைகள் அனைத்தும் 'நைட்ரஜனைச் சரியாக அளக்கிறோமா' என்றுதான் கேட்கின்றன. 'இது புரதத்தின் நைட்ரஜன்தானா' என்று ஒன்றுகூடக் கேட்பதில்லை.

ஒரு லிட்டருக்கு ஒரு கிராம்கூட வேண்டாம்

மெலமைனின் வாய்பாடு சி3எச்6என்6. எடையில் மூன்றில் இரண்டு பங்கு, சரியாகச் சொன்னால் 66.6 சதவீதம், நைட்ரஜன். 6.38ஆல் பெருக்கினால், ஒரு கிராம் மெலமைன் சோதனையில் 4.25 கிராம் புரதமாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3.2 சதவீதப் புரதம் உள்ள நல்ல பால் நான்கு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. கலந்தால் புரதம் 2.56 சதவீதமாக இறங்கிவிடும். சீனாவில் அப்போது கறந்த பாலுக்குத் தேசியத் தரம் கேட்டது குறைந்தது 2.95. குறையும் 0.39 சதவீதத்தை நிரப்ப லிட்டருக்கு 0.92 கிராம் மெலமைன் போதும். அறை வெப்பத்தில் தண்ணீரில் லிட்டருக்கு 3 கிராம் வரை அது கரையும், எனவே அடியில் தங்கி மாட்டிக்கொடுக்காது. சேகரிப்பு நிலையங்களுக்கு 'புரதப் பவுடர்' என்ற பெயரில் விற்கப்பட்டது மெலமைனும், மாவுச்சத்திலிருந்து செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரினும் கலந்த கலவை. தண்ணீர் ஊற்றியதால் குறையும் திடப்பொருளை மால்டோடெக்ஸ்ட்ரின் ஈடுகட்டும், குறையும் நைட்ரஜனை மெலமைன் ஈடுகட்டும். அதைத் தயாரித்தவர்களுக்கு எந்தச் சோதனை எதைப் பார்க்கும் என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. முறையின் பலவீனத்தை முறையைப் பயன்படுத்தியவர்களைவிட ஏமாற்றியவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள்.

இதற்குப் பின்னணியில் இன்னொரு சோகம். 2004இல் அன்ஹுய் மாகாணத்தின் ஃபூயாங்கில் புரதமே இல்லாத போலிப் பால் பவுடரைக் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். புரதம் போதுமா என்பதுதான் எல்லோர் கண்ணிலும் இருந்த கேள்வி. நான்கு ஆண்டு கழித்து, அந்தக் கேள்விக்கான சோதனையிலேயே மண்ணைத் தூவினார்கள்.

டூமா முறைக்கு மாறியிருந்தால் தப்பித்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். மாதிரியை எரித்து நைட்ரஜன் வாயுவாக அளக்கும் முறை அது. வேகமானது, அமிலப் புகை இல்லாதது. ஆனால் அதுவும் மொத்த நைட்ரஜனைத்தான் அளக்கிறது. மெலமைன் அதையும் அதே மாதிரி ஏமாற்றும்.

தப்ப வைத்திருக்கக்கூடிய படி வேறு. அது புதியதும் அல்ல. பாலில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம், ஆய்வகப் பேச்சில் டி.சி.ஏ., சேர்த்தால் புரதம் திரிந்து கீழே இறங்கிவிடும். வடிகட்டிய தெளிநீரில் நிற்பது புரதமல்லாத நைட்ரஜன். அதைத் தனியாகக் கெல்டால் செய்து மொத்தத்திலிருந்து கழித்தால் உண்மைப் புரதம். பால் துறையில் இதற்கு அங்கீகரிக்கப்பட்ட முறைகள் 2008க்கு வெகு முன்பே இருந்தன.

மேலே போட்ட கணக்கையே தொடர்வோம். தண்ணீர் கலந்த பாலில் மொத்த நைட்ரஜன் 100 மில்லிக்கு 0.40 கிராம், அதில் புரதமல்லாதது 0.024 வாக்கில். மெலமைன் சேர்த்ததும் மொத்தம் 0.46 ஆகிறது, தேறிவிட்டது. ஆனால் புரதமல்லாத பங்கு 0.085. அதாவது 5, 6 சதவீதமாக இருக்க வேண்டியது 18 சதவீதத்துக்கு ஏறி நிற்கும். இதைப் பார்க்க, மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டாம். மெலமைன் என்ற பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். வடிகட்டித் தாளும் இன்னொரு குழாயும் போதும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். லிட்டருக்கு 0.1 கிராம் மட்டும் கலந்தால் புரதமல்லாத பங்கு சுமார் ஒன்றரை சதவீதம்தான் கூடும். மாட்டுத் தீவனம் மாறினாலே யூரியா அவ்வளவு ஏறி இறங்கும். ஆக இந்தப் படி லாபத்துக்காகக் கலப்பவரைப் பிடிக்கும். ஆரோக்கியத்துக்குக் கேடான எல்லா அளவையும் பிடிக்காது. அதற்கு வேறு கருவி வேண்டும்.

ஒரு வருடம் முன்பே மணி அடித்தது

2007 மார்ச் 16 அன்று வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் நாய், பூனை உணவு சுமார் 6 கோடி டின்களையும் பொட்டலங்களையும் திரும்பப் பெற்றது. விலங்குகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்தது. சோதனை முறைகளை மதிப்பிடும் விஷயத்தில் அடுத்த இரண்டு வாரம் மிகவும் கற்றுத்தரக்கூடியது.

மார்ச் 23 அன்று நியூயார்க் மாநில அதிகாரிகள், காரணம் கிடைத்துவிட்டது என்று அறிவித்தார்கள்: அமினோப்டெரின். சில நாடுகளில் எலி மருந்தாகப் பயன்பட்ட பொருள். செய்தி உலகம் சுற்றியது. ஆனால் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வின் ஆய்வகத்தில் அதை உறுதிப்படுத்த முடியவில்லை. மார்ச் 30 அன்று எஃப்.டி.ஏ.வும் கார்னெல் பல்கலைக்கழகமும் சொன்ன பெயர் மெலமைன். உணவில் சேர்த்த சீனக் கோதுமை குளூட்டனிலும், இறந்த விலங்குகளின் சிறுநீரிலும் சிறுநீரகத்திலும் அது இருந்தது. குளூட்டனின் விலையும் புரத அளவை வைத்துத்தான். ஏமாற்றுவதற்கான தூண்டுதலும் அதேதான்.

இரண்டு அறிவிப்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதலாவது, உணவில் ஒரு சிக்னல். இரண்டாவதில் ஒரே பொருள் மூன்று இடத்தில் கிடைத்தது: சந்தேகத்துக்குரிய மூலப்பொருளில், உடல் திரவத்தில், பாதிக்கப்பட்ட உறுப்பில். நிரூபணம் என்றால் இரண்டாவதுதான். வேறு ஆய்வகம் வேறு முறையில் அதே பெயரைச் சொல்லும் வரை ஒரு நச்சின் பெயரை அறிவிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ செத்துக்கொண்டிருக்கும்போது ஒரு வாரம் காத்திருப்பது கொடுமைதான். ஆனால் தவறான பெயரைச் சொன்னால், சிகிச்சையும் தேடலும் அந்தத் தவறான பக்கமே ஓடும். உணவைத் திரும்பப் பெறப் பெயர் தேவையில்லை. அதை உடனே செய்யலாம்.

மெலமைன் என்றதும் நச்சியல் தெரிந்தவர்கள் குழம்பினார்கள். தனியாக அது அவ்வளவு கொடிய பொருள் அல்ல. எலிகளில் பாதியைக் கொல்ல உடல் எடையில் கிலோவுக்கு 3 கிராம் அளவு தேவைப்படும். விடை சயனூரிக் அமிலத்தில் இருந்தது. அசுத்தமான மெலமைனோடு அதுவும் சேர்ந்து வந்திருந்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இரண்டையும் பூனைச் சிறுநீரில் கலந்து பார்த்தபோது உடனே படிகங்கள் உருவாயின. மெலமைனும் சயனூரிக் அமிலமும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு, தண்ணீரில் கரையாத படிகமாகிச் சிறுநீரக நுண்குழாய்களை அடைத்தன.

சீனக் குழந்தைகளுக்கு நடந்தது சற்று வேறு. பாலில் சயனூரிக் அமிலம் அதிகம் இல்லை. கைக்குழந்தையின் சிறுநீரில் இயல்பாகவே யூரிக் அமிலம் அதிகம், மெலமைன் அதோடு சேர்ந்து கல்லானது. அந்தக் கற்கள் சாதாரண எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிவதில்லை. அல்ட்ராசவுண்ட் எடுத்துத்தான் கண்டுபிடித்தார்கள். மருத்துவமனையிலும் அதே பிரச்சினைதான்: எந்தக் கருவி எதைப் பார்க்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கரைப்பானில் தொலையும் நச்சு

இந்தப் படிகம் சிறுநீரகத்தில் மட்டும் உருவாவதில்லை. சோதனைக் குழாயிலும் உருவாகும். சோதனை முறையை எழுதுகிறவர்கள் மிக எளிதாகக் கோட்டைவிடக்கூடிய இடம் இது.

ஒரு மாதிரியில் இரண்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் தண்ணீரிலோ நடுநிலைக் கரைப்பானிலோ பிரித்தெடுத்தால் இரண்டும் சேர்ந்து வீழ்படிவாகும். பிறகு மாதிரியைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றுகிறோம், 0.2 மைக்ரான் ஃபில்டரில் வடிக்கிறோம். நாம் தேடும் நச்சு ஃபில்டரில் தங்கிவிடும். கருவிக்குப் போவது சுத்தமான திரவம். முடிவு: 'கண்டறியப்படவில்லை.'

முறையைச் சரிபார்க்கும்போது இது தெரியவராதா? தெரியாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. சுத்தமான பாலில் மெலமைனை மட்டும் ஸ்பைக் செய்தால், அதாவது தெரிந்த அளவு வேண்டுமென்றே சேர்த்தால், ரெகவரி அழகாக வரும். சயனூரிக் அமிலத்தை மட்டும் ஸ்பைக் செய்தாலும் அப்படியே. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் வெளியே வரும். எஃப்.டி.ஏ.வின் ஜி.சி.-எம்.எஸ். முறையில் (வாயு நிலையில் பிரித்து நிறையை அளப்பது) டைஎதில் அமின், தண்ணீர், அசிட்டோநைட்ரைல் மூன்றையும் 10:40:50 விகிதத்தில் கலந்து பயன்படுத்தினார்கள். வலுவான காரத்தில் அந்தப் பிணைப்பு உடையும். எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். முறையில் (திரவத்தில் பிரித்து, நிறையை இரண்டு கட்டமாக அளப்பது) ஃபார்மிக் அமிலம் சேர்த்த நீர். அமிலத்திலும் அது உடையும். சமையல் குறிப்பு மாதிரி தெரியும் இந்த வரி, உண்மையில் அந்த முறையின் உயிர்.

அதனால்தான் ஒரு முறை ஆவணம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது கருவியின் மாடலை அல்ல, பிரித்தெடுக்கும் கரைப்பானையும் ஸ்பைக் செய்த விதத்தையும். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஃபில்டரில் நின்றுவிட்டதை அது பார்க்கப்போவதில்லை.

மூன்று கருவிகள், ஒரு வரம்பு

செப்டம்பரில் விவரம் வெளியானதும் சீன அரசு 109 நிறுவனங்களின் 491 தொகுதிகளைச் சோதித்தது. 22 நிறுவனங்களின் 69 தொகுதிகளில் மெலமைன். சான்லுவின் மோசமான மாதிரியில் கிலோவுக்கு 2,563 மில்லிகிராம். மற்ற நிறுவனங்களில் 0.09 முதல் 619 மில்லிகிராம் வரை. இந்த வீச்சைப் பார்த்தாலே ஒரே முறை எல்லாவற்றுக்கும் உதவாது என்பது தெரியும்.

2008 அக்டோபரில் சீனா அவசரமாக வெளியிட்ட ஜிபி/டி 22388 தரத்தில் மூன்று முறைகள் இருந்தன. எச்.பி.எல்.சி.யில், அதாவது அழுத்தத்தில் ஓடும் திரவத்தில் பொருட்களைப் பிரித்து, புற ஊதா ஒளி கொண்டு அளப்பது, அளவிடும் எல்லை கிலோவுக்கு 2 மில்லிகிராம். எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ்., 0.01 மில்லிகிராம். ஜி.சி.-எம்.எஸ்., 0.05 மில்லிகிராம். அதே நாட்களில் அரசு வைத்த தற்காலிக வரம்பு குழந்தைப் பால் பவுடருக்கு 1 மில்லிகிராம், மற்ற பால் பொருட்களுக்கு 2.5.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2 மில்லிகிராமுக்குக் கீழே உறுதியாக எண் சொல்ல முடியாத எச்.பி.எல்.சி., 1 மில்லிகிராம் வரம்புள்ள குழந்தை உணவுக்கு 'தேறியது' என்று சான்று தர முடியாது. சாதாரணப் பாலுக்கு 2.5 வரம்பை அதனால் பார்க்கலாம், அதுவும் நூலிழையில். எச்.பி.எல்.சி. மட்டமான கருவி என்று சொல்ல வரவில்லை. மாவட்ட அளவில் கிடைக்கிறது, ஒரு மாதிரிக்கான செலவு குறைவு, 2,563 போன்ற எண்ணைக் கண் இமைக்காமல் பிடித்துவிடும். ஆனால் எந்த உணவுக்கு, எந்த வரம்புக்கு என்று கேட்காமல் 'அங்கீகரிக்கப்பட்ட முறை' என்ற முத்திரையை மட்டும் பார்த்தால், குழந்தை உணவில் அது வைக்கும் ஓட்டை கண்ணில் படாது.

அந்த 1 மில்லிகிராம் குழந்தையைக் காக்கப் போதுமா? 2008 டிசம்பர் தொடக்கத்தில் உலக சுகாதார அமைப்பு கனடாவின் ஒட்டாவாவில் கூட்டிய நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வரை தாங்கக்கூடியது என்று வைத்தது. 5 கிலோ எடையுள்ள குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் பவுடர் குடிக்கிறது என்று கொள்வோம். பவுடரில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் இருந்தால் குழந்தைக்குப் போவது 0.1 மில்லிகிராம், கிலோ எடைக்கு 0.02. தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு, போதிய இடைவெளி. சான்லுவின் மோசமான மாதிரியைப் போட்டால் கிலோ எடைக்கு 51 மில்லிகிராம், தாங்கும் அளவைப் போல 250 மடங்கு. மாதக்கணக்கில், வேறு உணவே இல்லாமல். இந்தக் கணக்கைப் போடும்போது இன்றும் கை நடுங்குகிறது.

எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். வந்துவிட்டால் சந்தேகமே இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. கருவிக்குள் மின்னூட்டம் பெறும் மெலமைன் அயனியின் நிறை 127. பால் பவுடரைச் சூடாக்கும்போது சர்க்கரையிலிருந்து உருவாகும் ஹைட்ராக்சிமெதில் ஃபர்ஃபுரால் என்ற பொருளின் அயனியும் அதே 127. நிறையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால், நன்றாக வறுபட்ட பவுடர் கலப்படப் பவுடராகத் தெரியலாம். அதனால்தான் அயனியை உடைத்து, 85, 68 என்ற இரண்டு துண்டுகளையும் பார்த்து, அவற்றின் விகிதம் தூய மெலமைனில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று ஒப்பிடுகிறோம். அப்புறம், பாலில் உள்ள மற்ற பொருட்கள் மெலமைன் அயனியாவதையே அமுக்கிவிடும். அதைச் சரிக்கட்ட, கனமான கார்பனும் நைட்ரஜனும் கொண்ட மெலமைனை ஒவ்வொரு மாதிரியிலும் பிரித்தெடுப்பதற்கு முன்பே சேர்க்கிறோம். இது இல்லாமல் வரும் எண்ணை நான் நம்ப மாட்டேன், குறிப்பாக வரம்புக்கு அருகில்.

எதிர்ப்பொருள் கொண்டு பொருளைக் கண்டறியும் எலைசா சோதனை பற்றிச் சுருக்கமாக. வேகம், மலிவு, லாரி வாசலில் நிற்கும்போதே பார்த்துவிடலாம். மெலமைன் போல வடிவம் கொண்ட மற்றப் பொருட்களுக்கும் எதிர்வினை காட்டலாம், சயனூரிக் அமிலத்தைக் கண்டுகொள்ளாது. சல்லடையாக வைத்துக்கொண்டு, சந்தேகப்பட்டதை உறுதிப்படுத்த மேலே அனுப்பினால் நல்ல கருவி.

வரம்புக்கு அருகில் என்றேன். கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற செறிவில், வெவ்வேறு ஆய்வகங்கள் ஒரே மாதிரியை அளந்தால் முடிவுகள் சுமார் 16 சதவீதம் சிதறுவது இயல்பு என்று ஹார்விட்ஸ் சமன்பாடு சொல்கிறது. ஒரு ஆய்வகம் 1.1 என்றும் இன்னொன்று 0.9 என்றும் சொன்னால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்திருக்கலாம். அறிக்கையில் நிச்சயமின்மை குறிப்பிடாமல் 'வரம்பை மீறியது' என்று மட்டும் எழுதினால் நீதிமன்றத்தில் அது நிற்காது, நிற்கவும் கூடாது.

பூஜ்யம் கேட்டால் என்ன ஆகும்

குழந்தை உணவில் துளிகூட இருக்கக் கூடாது என்று கேட்பது இயல்பு. நானும் அப்படித்தான் கேட்க விரும்புவேன். ஆனால் 0.01 மில்லிகிராம் வரை பார்க்கும் கருவி கையில் இருந்தால், யாரும் கலக்காத இடத்திலும் மெலமைன் தெரியத் தொடங்கும். சைரோமசைன் என்ற பூச்சிமருந்து சிதைந்து மெலமைன் ஆகும். மெலமைன் பாத்திரங்களிலிருந்து, அதுவும் சூடான புளிப்பான உணவில், கொஞ்சம் இறங்கும். தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்யும் சில குளோரின் சேர்மங்களிலிருந்து சயனூரிக் அமிலம் வரும். பூஜ்யம் என்று சட்டம் வைத்தால், எந்த ஆய்வகத்தில் பழைய கருவி இருக்கிறதோ அங்கே பால் தேறும், புதிய கருவி உள்ள இடத்தில் தேறாது. பாதுகாப்பைத் தீர்மானிப்பது கருவியின் வயதாகிவிடும்.

2010 ஜூலையில் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் ஆணையம் குழந்தைப் பால் பவுடருக்கு 1 மில்லிகிராம், மற்ற உணவுக்கும் தீவனத்துக்கும் 2.5 என்று உலகளாவிய வரம்பு வைத்தது. 2012இல் திரவ நிலைக் குழந்தை உணவுக்கு 0.15 சேர்ந்தது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் இதே எண்களை எடுத்துக்கொண்டது. தவிர்க்க முடியாத சுவட்டையும் வேண்டுமென்றே கலந்ததையும் பிரிப்பதற்கான கோடு இது. சீனாவின் 2008 முடிவுகளில் 0.09ம் 2,563ம் ஒரே பட்டியலில் 'மெலமைன் இருந்தது' என்று வந்ததை நினைத்தால், இந்தக் கோடு எவ்வளவு தேவை என்பது புரியும்.

அடுத்த மூலக்கூறு

2013 ஜனவரியில் நியூசிலாந்தில் இருந்து ஒரு செய்தி. பால் பவுடரில் டைசயன்டைஅமைட் என்ற பொருளின் சுவடு. மேய்ச்சல் நிலத்தில் நைட்ரேட் வீணாகி நீர்நிலைக்குப் போகாமல் தடுக்க விவசாயிகள் தெளித்தது, புல் வழியாகப் பாலுக்கு வந்திருக்கிறது. அளவு மிகக் குறைவு, கலப்படமும் இல்லை, அந்தத் தெளிப்பு மருந்தின் விற்பனையை நிறுத்தினார்கள். என் கவனத்தை இழுத்தது அதன் வாய்பாடு: சி2எச்4என்4. நைட்ரஜன் 66.6 சதவீதம். மெலமைனுக்குச் சமம். 127 என்ற நிறையை மட்டும் தேடும் மெலமைன் முறை இதைப் பார்க்கவே பார்க்காது, கெல்டாலோ இதைப் புரதம் என்று எண்ணும்.

எஃப்.டி.ஏ. ஆய்வாளர்கள் இதை முன்பே யோசித்து, டைசயன்டைஅமைட், யூரியா, பையூரெட், டிரையூரெட், சைரோமசைன், அமிடினோயூரியா ஆகிய ஆறு நைட்ரஜன் மிகுந்த பொருட்களையும் ஒன்றாகத் தேடும் முறையை உருவாக்கினார்கள். நல்ல வேலை. ஆனால் ஏழாவது ஒன்று வந்தால்? பெயர் தெரிந்ததைத் தேடும் முறை, பெயர் தெரிந்ததை மட்டுமே கண்டுபிடிக்கும்.

நம்மூர்ப் பால் சங்கங்களில் விலை கொழுப்பையும், கொழுப்பு நீங்கிய திடப்பொருளான எஸ்.என்.எஃப்.பையும் வைத்துத்தான், புரதத்தை வைத்தல்ல. அதனால் இங்கே மெலமைனுக்கான தூண்டுதல் குறைவு. பாலின் அடர்த்தி பார்க்கும் பால்மானியில் டிகிரி ஏற்றச் சர்க்கரையும் உப்பும் யூரியாவும் கலப்பதுதான் இங்கே நடக்கிற கலப்படம். காசு எந்த எண்ணைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறதோ, கலப்படம் அந்த எண்ணைத்தான் குறிவைக்கும். ஒரு சோதனை முறையை மதிப்பிடும்போது கண்டறியும் எல்லை, ரெகவரி, நிச்சயமின்மை என்ற வரிசையில் இதையும் எழுத்தில் கேட்க வேண்டும்: இந்த எண்ணை உயர்த்த மிக மலிவான பொருள் எது, அதைச் சேர்த்த மாதிரியை இந்த முறையில் ஓட்டிப் பார்த்தீர்களா?

பால் பவுடருக்கு அந்தக் கேள்வியின் நேரடியான பதில், புரத எண்ணுக்குப் பக்கத்திலேயே புரதமல்லாத நைட்ரஜன் எண்ணையும் அறிக்கையில் அச்சிடுவது. மெலமைனானாலும் டைசயன்டைஅமைட் ஆனாலும் நாளை வரப்போகும் வேறொன்றானாலும், டி.சி.ஏ.வில் கரைந்து நிற்கும் வரை, லாபத்துக்காகச் சேர்த்த அளவு அந்த எண்ணில் தெரியும். ஒரு மாதிரிக்குக் கூடுதலாக ஒரு டைஜஷன் குழாயும் ஒரு வடிகட்டித் தாளும் செலவு. மொத்தமாகப் பவுடர் வாங்கும் பிஸ்கட் நிறுவனமோ, சத்துணவுத் திட்டத்துக்குக் கொள்முதல் செய்யும் அலுவலகமோ, ஒப்பந்தத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும், ஆய்வகம் அளந்து கொடுத்துவிடும்.